வக்ஸால்: பாதையின் மறுமுனையிலிருந்து வந்த பெயர்

மாஸ்கோவில் ‘மாஸ்கோ ரயில் நிலையம்’ என்று ஒன்று கிடையாது. மஸ்கோவ்ஸ்கி என்ற பெயருள்ள நிலையத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பீட்டர்ஸ்பர்குக்குப் போகவேண்டும், அல்லது நீஷ்னி நோவ்கரதுக்குப் போகவேண்டும். கசான்ஸ்கி நிலையத்தைக் கசான் நகரில் தேடினால் கிடைக்காது. அது மாஸ்கோவில் இருக்கிறது. ஃபின்லாந்தின் பெயரைத் தாங்கிய ஃபின்லியாந்ஸ்கி நிலையம் பீட்டர்ஸ்பர்கில், நேவா ஆற்றின் வடகரையில் நிற்கிறது. ரஷ்யாவுக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் நகர வரைபடத்தை விரித்ததும் திகைத்துப்போவது இங்கேதான்.

பெயரிட்டவர்கள் பின்பற்றிய விதி எளிமையானது. ஒரு பெருநகரத்தில் பல ரயில் நிலையங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் தன் பாதை எந்த ஊரை நோக்கிச் செல்கிறதோ அந்த ஊரின் பெயரைப் பெறும். லியோன் நகரத்துப் பெயரைத் தாங்கிய நிலையம் பாரிஸிலும் உண்டு. ஆகவே இது ரஷ்யர்கள் மட்டுமே கண்ட வழக்கமல்ல. ஆனால் இந்த விதியை இத்தனை முழுமையாக ஆளும் நகரங்கள் குறைவு. ஊர்ப் பெயரை அடுத்து அங்கே ஒரு சொல் தவறாமல் வரும்: வக்ஸால். லெனின்கிராட்ஸ்கி வக்ஸால், கசான்ஸ்கி வக்ஸால், வீத்தெப்ஸ்கி வக்ஸால். எழுதும்போது அது ‘வோக்ஸால்’; அழுத்தம் விழாத ஓகாரத்தை ரஷ்யர் அகரம்போல் ஒலிப்பதால் வாயில் வக்ஸால் ஆகிறது.

பெரிய ரயில் நிலையத்தைக் குறிக்கும் இந்த அன்றாட ரஷ்யச் சொல், ரஷ்ய மொழியில் பிறந்ததல்ல. லண்டனின் ஒரு மூலையிலிருந்து, ரயிலே இல்லாத காலத்தில் கிளம்பி வந்தது. அது நிலையத்தின் பெயரான கதையைப் பார்க்கும்போது, நிலையங்களுக்குப் பெயரிட்ட அதே விதி இந்தச் சொல்லையும் ஆண்டிருக்கிறது என்பது எனக்குத் தெளிவாகிறது. இரண்டுமே பாதையின் மறுமுனையிலிருந்து வந்த பெயர்கள்.

ஃபாக்ஸின் மாளிகை

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தை ஆண்ட ஜான் மன்னரிடம் ஃபாக்ஸ் தெ பிரோத்தே என்ற நார்மண்டிக்காரப் படைத்தலைவர் இருந்தார். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், இன்று லாம்பெத் எனப்படும் பகுதியில், மனைவி வழியாக அவருக்கு ஒரு பண்ணையும் வீடும் வந்துசேர்ந்தன. அக்கம்பக்கத்தார் அதை ஃபாக்ஸின் மாளிகை என்றார்கள். ஜானுக்குப் பின் வந்த மூன்றாம் ஹென்றியின் அரசோடு 1224இல் மோதிய ஃபாக்ஸ், சொத்தை இழந்து நாடுகடத்தப்பட்டார். ஆள் போனார், பெயர் மண்ணோடு தங்கிவிட்டது. பல நூற்றாண்டுகள் வாய்க்கு வாய் தேய்ந்து, ஃபாக்ஸ்ஹால் என்றும் வாக்ஸ்ஹால் என்றும் அது நிலைத்தது.

1660களில் அங்கே ஒரு பொழுதுபோக்குத் தோட்டம் உருவானது. அக்கால லண்டனை நாள்தோறும் பதிந்துவைத்த சாமுவேல் பெப்பீஸ் அங்கே படகில் போய்வந்ததை எழுதியிருக்கிறார். 1729இல் ஜோனதன் டயர்ஸ் அதைக் குத்தகைக்கு எடுத்ததும் தோட்டத்தின் தரம் உயர்ந்தது. மரங்களுக்கிடையே ஆயிரக்கணக்கான விளக்குகள், நடுவில் இசைமேடை, இரவு விருந்துக்குத் தனித்தனி அறைகள். ஒரு ஷில்லிங் கொடுத்தால் எவரும் நுழையலாம். பிரபுவும் கடைக்காரரும் ஒரே பாதையில் நடந்து ஒரே இசையைக் கேட்டது அன்றைய ஐரோப்பாவுக்குப் புதிது. இசையமைப்பாளர் ஹாண்டெல் உயிரோடு இருக்கும்போதே, 1738இல், அங்கே அவருக்குச் சிலை வைத்தார்கள்.

வெற்றி பெற்ற இடத்தின் பெயரை மற்ற ஊர்களும் எடுத்துக்கொள்ளத் தொடங்கின. போலந்துத் தலைநகர் வார்சாவில் அப்படியொரு தோட்டம் இருந்து மறைந்தது. அது இருந்த இடத்தில் இன்றும் ‘ஃபோக்சால்’ என்று ஒரு தெரு உண்டு. கோபன்ஹேகனின் புகழ்பெற்ற திவோலி பூங்கா 1843இல் திறந்தபோது அதன் முழுப் பெயர் ‘திவோலியும் வாக்ஸ்ஹாலும்’. இசையும் விருந்தும் விளக்கும் சேர்ந்த இடம் எதுவானாலும் அது வாக்ஸ்ஹால். ஓரிடத்தின் சிறப்புப் பெயர் பொதுப் பெயராக மாறிவிட்டது.

ரஷ்யாவுக்குள் இந்தச் சொல் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுழைந்தது. மாஸ்கோவில் அதைப் பரப்பியவர்களில் மைக்கேல் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேயர் முக்கியமானவர். உருசோவ் கோமகன் 1776இல் தொடங்கிய நாடக நிறுவனத்தில் கூட்டாளியாகச் சேர்ந்து, 1780இல் பெத்ரோவ்ஸ்கி நாடக அரங்கைக் கட்டியவர் அவர். இன்றைய பல்ஷோய் அரங்கு தன் பிறப்பை அங்கிருந்துதான் கணக்கிடுகிறது. அதே மேடாக்ஸ் மாஸ்கோவில் ஒரு வாக்ஸ்ஹால் தோட்டமும் நடத்தினார். அப்போது ரஷ்யர்கள் சொன்ன வடிவங்கள் ஃபோக்சால், வக்ஸால். ஜார்ஸ்கொயே செலோவில் பள்ளி மாணவராக இருந்த புஷ்கின் 1813இல் எழுதிய ஒரு கவிதையில் இந்தச் சொல் வருகிறது. அங்கே அதன் பொருள் கேளிக்கைத் தோட்டம் மட்டுமே. ரஷ்யாவில் முதல் ரயில் ஓட இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன.

பாவ்லவ்ஸ்கில் நடந்த மாற்றம்

புஷ்கின் படித்த அதே ஜார்ஸ்கொயே செலோவுக்குத்தான் ரஷ்யாவின் முதல் பொதுப் பயணிகள் ரயில்பாதை போடப்பட்டது. பொகீமியாவில் பிறந்த பொறியாளர் ஃபிரான்ஸ் அந்தோன் கெர்ஸ்ட்னர் ஜார் முதலாம் நிக்கலாயிடம் அனுமதி பெற்று அதைக் கட்டினார். பீட்டர்ஸ்பர்கிலிருந்து முதல் வண்டி 1837இல் கிளம்பியது; ரஷ்யாவின் பழைய நாட்காட்டியில் அது அக்டோபர் 30, நம் நாட்காட்டியில் நவம்பர் 11. அடுத்த ஆண்டு கோடையில் பாதை பாவ்லவ்ஸ்க் வரை நீண்டது. மொத்த நீளம் சுமார் 27 கிலோமீட்டர்.

கெர்ஸ்ட்னருக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஜார்ஸ்கொயே செலோவும் பாவ்லவ்ஸ்கும் அரச குடும்பத்தின் கோடைக்கால அரண்மனை ஊர்கள். அங்கே தொழிற்சாலையில்லை, சந்தையில்லை. பீட்டர்ஸ்பர்க் மக்கள் காசு கொடுத்து எதற்காக அங்கே போவார்கள்? போவதற்கு ஒரு காரணத்தை ரயில் நிறுவனமே உண்டாக்கியது. பாதை முடியும் இடத்தில், பாவ்லவ்ஸ்க் பூங்காவுக்குள்ளேயே, உணவகமும் தங்கும் அறைகளும் இசைக் கூடமும் கொண்ட பெரிய கட்டடத்தை எழுப்பியது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் அந்த்ரேய் ஷ்தாகென்ஷ்னெய்தர். 1838இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு, அத்தகைய இடங்களுக்கு அன்று வழங்கிய பெயரையே வைத்தார்கள்: வக்ஸால்.

ஊரார் இசை கேட்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ரயில் நிறுவனம் வியன்னாவிலிருந்து இளைய யோகான் ஸ்ட்ராஸை ஒப்பந்தம் செய்து வரவழைத்தது. 1856 முதல் 1865 வரை கோடைதோறும் அவர் அங்கே இசைக்குழுவை நடத்தினார். வால்ட்ஸ் இசையின் மன்னர் என்று உலகம் கொண்டாடிய ஒருவர், பயணச்சீட்டு விற்பனையைக் கூட்டுவதற்காக ஒரு ரயில் நிறுவனம் அமர்த்திய கலைஞராகப் பத்துக் கோடைகள் பணியாற்றியிருக்கிறார். தஸ்தயெவ்ஸ்கியின் நாவலொன்று, எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் ‘அசடன்’ என்று நமக்குக் கிடைப்பது, பெரும்பகுதி பாவ்லவ்ஸ்கில் நடக்கிறது. அதில் ஊரே கூடி இசை கேட்கும் இடம் இந்த வக்ஸால்தான்.

சொல் பொருள் மாறிய விதத்தை இந்த இடத்தில் நின்று கவனிக்கவேண்டும். பீட்டர்ஸ்பர்க் முனையில் வண்டி ஏறிய கட்டடத்துக்கு வக்ஸால் என்று பெயரில்லை. ரயில் கட்டடங்களைக் குறிக்கப் பயணியர் கட்டடம், ஸ்தான்த்ஸியா போன்ற வேறு சொற்கள் புழங்கின. வக்ஸால் இருந்தது மறுமுனையில், மக்கள் போய்ச்சேர விரும்பிய இடத்தில். வண்டியும் அங்கேதான் போய் நின்றது. பயணிகள் இறங்கியதும் அந்தக் கட்டடத்திலேயே. இசைக்கூடமும் ரயிலடியும் ஒரே கூரைக்குள் இருந்ததால் எந்தப் பகுதிக்கு அந்தப் பெயர் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. நாளடைவில் ரயில் வந்து நிற்கும் பெரிய கட்டடம் எதுவானாலும் வக்ஸால் என்றானது. மறுமுனையின் பெயர் தண்டவாளத்தின் வழியே புறப்பட்ட முனைக்கும் வந்துசேர்ந்தது.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. விளாதிமிர் தால் தொகுத்த மாபெரும் ரஷ்ய அகராதி 1860களில் வெளிவந்தபோது, வக்ஸால் என்ற சொல்லுக்கு அவர் தந்த பொருள், மக்கள் உலாவக் கூடும் இடத்தில் இசை நடக்கும் கூடம் என்பதே. அப்போது பீட்டர்ஸ்பர்குக்கும் மாஸ்கோவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் ரயில் பொருள் வென்றது. தோட்டப் பொருள் வழக்கொழிந்தது. இரண்டாம் உலகப் போரில் பாவ்லவ்ஸ்க் ஜெர்மன் படையின் பிடியில் இருந்த காலத்தில் அந்த மூல வக்ஸால் அழிந்தது. பிறகு அதைக் கட்டவில்லை.

பாவ்லவ்ஸ்குக்கு இன்றும் பீட்டர்ஸ்பர்கின் வீத்தெப்ஸ்கி வக்ஸாலில் புறநகர் மின்ரயில் ஏறி அரைமணி நேரத்தில் போய்விடலாம். வீத்தெப்ஸ்கி நிற்பதும் அந்த முதல் பாதை தொடங்கிய இடத்தில்தான். இப்போதுள்ள அழகிய கட்டடம் 1904இல் எழுந்தது. வழியில் புஷ்கின் நகரம் வரும். ஜார்ஸ்கொயே செலோவுக்குக் கவிஞரின் நூறாவது நினைவாண்டான 1937இல் இட்ட பெயர் அது. பாவ்லவ்ஸ்கில் இறங்கினால் பூங்கா எதிரிலேயே தொடங்குகிறது. பீட்டர்ஸ்பர்க் செல்லும் எவரும் அரைநாள் ஒதுக்கிப் போய்வர வேண்டிய பாதை இது.

இரண்டு பொய்க் கதைகள்

பிரபலமான சொல்லுக்குக் கதைகள் முளைப்பது இயல்பு. ரஷ்யாவில் வழிகாட்டிகள் சொல்லும் ஒரு கதை: 1844இல் லண்டன் சென்ற ஜார் நிக்கலாய் அங்கே வாக்ஸ்ஹால் என்ற பலகையுள்ள ரயில் நிலையத்தைப் பார்த்தார், ரயில் நிலையம் என்பதற்கே அதுதான் ஆங்கிலச் சொல் என்று நினைத்து நாட்டுக்குக் கொண்டுவந்தார். இது நிற்காது. லண்டனின் வாக்ஸ்ஹால் நிலையம் திறந்தது 1848இல். பாவ்லவ்ஸ்கின் வக்ஸால் அதற்குப் பத்தாண்டு மூத்தது. ரஷ்ய மொழியில் அந்தச் சொல் அதற்கும் பல பத்தாண்டுகள் மூத்தது.

மற்றொரு கதை, வக்ஸால் என்பது ‘குரலிசை’யும் ‘சால்’ என்ற கூடமும் சேர்ந்த சொல் என்பது. இதில் ஒரு துளி உண்மை உண்டு. ரஷ்யச் சொற்பிறப்பு அகராதியைத் தொகுத்த மாக்ஸ் ஃபாஸ்மர், சொல்லின் கடைசிப் பகுதி இன்றைய எழுத்துக்கு மாறியதற்கு ‘சால்’ என்ற சொல்லின் செல்வாக்கே காரணம் என்கிறார். ஆங்கிலத்தின் ‘ஹால்’ ரஷ்யக் காதில் பழகிய ‘சால்’ ஆகிவிட்டது. பொருளும் ஒத்துப்போனதால் ஒட்டிக்கொண்டது.

அதே பாதையில் இருக்கும் இன்னொரு பெயருக்கும் இதுதான் நடந்தது. ஜார்ஸ்கொயே செலோ என்றால் ஜாரின் ஊர் என்று பொருள். ஆனால் ஜார்கள் அங்கே அரண்மனை கட்டுவதற்கு முன்பே அது ஃபின்னிய மொழிப் பெயருள்ள சிற்றூர். ‘சாரி’ என்ற ஃபின்னியச் சொல் தீவையும் மேட்டு நிலத்தையும் குறிக்கும். சார்ஸ்கயா என்று ரஷ்யர் வழங்கிய அந்தப் பெயர், அரண்மனை வந்தபின் ஜாரோடு இணைந்துகொண்டது. அயல் சொல் ஒன்று நாட்டில் தங்க வேண்டுமானால், உள்ளூர்ச் சொல் ஒன்றின் சாயலை ஏற்க வேண்டியிருக்கிறது.

திசையைச் சொல்லும் பெயர்கள்

இனி ஒவ்வொரு வக்ஸாலாகப் பார்ப்போம். பயணிக்கு இந்தச் சொல்வரலாறு உதவுவது இங்கேதான்.

மாஸ்கோவில் இப்போது பத்து வக்ஸால்கள். அவற்றில் மூன்று, லெனின்கிராட்ஸ்கி, யரஸ்லாவ்ஸ்கி, கசான்ஸ்கி, ஒரே சதுக்கத்தைச் சுற்றி நிற்கின்றன. சதுக்கத்தின் முறையான பெயர் கொம்சமோல்ஸ்கயா. மாஸ்கோவாசிகள் ‘மூன்று வக்ஸால்களின் சதுக்கம்’ என்பார்கள். மெட்ரோவில் இறங்கவேண்டிய நிலையமும் கொம்சமோல்ஸ்கயாதான். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் மூன்றும் மூன்று திசைக்கானவை. ஒன்றில் நின்றுகொண்டு மற்றதன் வண்டியைத் தேடக்கூடாது.

லெனின்கிராட்ஸ்கி வடமேற்கே பீட்டர்ஸ்பர்குக்கானது. கன்ஸ்தந்தீன் தோன் என்ற கட்டடக் கலைஞர் பாதையின் இருமுனைக்கும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒத்த கட்டடங்களை வரைந்தார். 1851இல் பாதை திறந்தது. மறுமுனையில் நிற்கும் உடன்பிறப்புதான் பீட்டர்ஸ்பர்கின் மஸ்கோவ்ஸ்கி வக்ஸால். சுமார் 650 கிலோமீட்டரை ‘சப்சான்’ அதிவேக ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. சப்சான் என்பது வல்லூறு இனப் பறவையின் பெயர். 2009 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. இரவு உறங்கிக்கொண்டே போக விரும்புவோருக்கு 1931 முதல் ‘க்ராஸ்னயா ஸ்த்ரெலா’, அதாவது செவ்வம்பு, இருக்கிறது. இரு முனையிலிருந்தும் 23:55க்குக் கிளம்பும். பீட்டர்ஸ்பர்கில் அது நகரும்போது ரெய்ன்கோல்ட் கிளியேர் இசையமைத்த மாநகர வாழ்த்து நடைமேடையில் ஒலிக்கும். வக்ஸாலில் இசை இன்னும் நின்றுவிடவில்லை.

யரஸ்லாவ்ஸ்கி வடக்குக்கும் கிழக்குக்குமானது. ஃபியோதர் ஷெக்தெல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு வடநாட்டு மரக்கோட்டைகளின் சாயலைக் கொடுத்தார். சைபீரியா வழியாக விளதிவஸ்தோக் வரை செல்லும் நெடும்பாதை இங்கே தொடங்குகிறது. விளதிவஸ்தோக் நடைமேடையில் 9,288 கிலோமீட்டர் என்று பொறித்த தூண் நிற்கிறது. எதிரே கசான்ஸ்கி. லெனின் நினைவு மண்டபத்தை வடிவமைத்த அலெக்சேய் ஷூசெவ் கட்டியது. அதன் கோபுரம் கசான் கோட்டையிலுள்ள சுயும்பிகே கோபுரத்தை நினைவூட்டும்படி அமைந்தது. வண்டி எங்கே போகிறது என்பதைப் பெயரோடு கட்டடத்தின் உருவமும் சொல்கிறது.

பெலருஸ்கி மேற்கே மின்ஸ்க் திசைக்கு. ஷெரெமெத்யெவோ விமான நிலையத்துக்கான விரைவு ரயிலும் இங்கிருந்துதான். அந்த விமான நிலையத்துக்கு 2019இல் புஷ்கினின் பெயரைச் சேர்த்தார்கள். தமதேதவோ விமான நிலையத்துக்குப் பவெலேத்ஸ்கியிலிருந்து விரைவு ரயில் உண்டு. மூன்றாவதான வ்னூகவோவுக்கு 2023 முதல் மெட்ரோவே போகிறது. பவெலேத்ஸ்கியும் சவ்யோலவ்ஸ்கியும் பெருநகரங்களின் பெயரால் ஆனவை அல்ல. பவெலேத்ஸ் ரியசான் மாநிலத்துச் சிற்றூர். சவ்யோலவோ வோல்கா கரைக் கிராமம். பாதை அங்கே எட்டியது என்ற ஒரே காரணத்தால் தலைநகரில் அவற்றின் பெயர் பெரிய எழுத்தில் நிற்கிறது.

மாஸ்கோவில் பெரும்பாலும் வக்ஸாலின் பெயரே மெட்ரோ நிலையத்துக்கும் இருக்கும்: கீயெவ்ஸ்கயா, பெலருஸ்கயா, கூர்ஸ்கயா. மெட்ரோவில் ஆண் குரல் அறிவித்தால் வண்டி நகர மையத்தை நோக்கிப் போகிறது. பெண் குரல் என்றால் மையத்தைவிட்டு விலகுகிறது. வட்டப் பாதையில் ஆண் குரல் கடிகாரச் சுற்று, பெண் குரல் எதிர்ச்சுற்று. ரஷ்ய எழுத்து தெரியாதவருக்கும் உதவும் ஏற்பாடு இது.

பீட்டர்ஸ்பர்கில் கூடுதல் கவனம் வேண்டும். மஸ்கோவ்ஸ்கி வக்ஸாலுக்கு இறங்கவேண்டிய மெட்ரோ ‘புளோஷத் வஸ்தானியா’, எழுச்சிச் சதுக்கம். மஸ்கோவ்ஸ்கயா என்ற மெட்ரோ நிலையமும் அந்த நகரில் உண்டு. அது தெற்கே வெகுதொலைவில் இருக்கிறது. ஃபின்லியாந்ஸ்கிக்கு ‘புளோஷத் லேனினா’. 1917 ஏப்ரலில் லெனின் நாடு திரும்பி இறங்கிய நிலையம் இதுவே. வீத்தெப்ஸ்கிக்குப் ‘புஷ்கின்ஸ்கயா’, புஷ்கின் நகரத்துக்குப் போகும் பாதை தொடங்கும் இடம் என்பதால் வந்த பெயர். மெட்ரோ கூடத்தின் முனையில் கவிஞரின் சிலை அமர்ந்திருக்கிறது. பால்தீஸ்கிக்கும் லாதஷ்ஸ்கிக்கும் மட்டும் மெட்ரோவும் அதே பெயரில்.

ஊர் மாறியும் மாறாத பலகை

லெனின்கிராட்ஸ்கி வக்ஸால் திறந்தபோது பீட்டர்பூர்க்ஸ்கி. நிக்கலாய் மறைந்த 1855இல் நிக்கலாயெவ்ஸ்கி. புரட்சிக்குப் பின் 1923இல் அக்தியாப்ர்ஸ்கி. 1937 முதல் லெனின்கிராட்ஸ்கி. 1991இல் மக்கள் வாக்களித்து லெனின்கிராட் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் ஆனது. மாஸ்கோ வக்ஸாலின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதற்கும் முந்தைய பெயர்கூட முழுதாக மறையவில்லை. பயணச்சீட்டில் புறப்படும் இடம் ‘மாஸ்கோ அக்தியாப்ர்ஸ்கயா’ என்பதன் சுருக்கமாக இருந்தால் குழம்பவேண்டாம்; போகவேண்டியது லெனின்கிராட்ஸ்கிக்கே. மஸ்கோவ்ஸ்கி வக்ஸாலுக்கு வரும் சீட்டில் அது ‘சாங்க்ட் பீட்டர்பூர்க் கிளாவ்னி’, பீட்டர்ஸ்பர்க் முதன்மை நிலையம் என்று இருக்கும்.

யெக்கத்தெரின்பர்க் பழைய பெயருக்குத் திரும்பினாலும் அதைச் சுற்றியுள்ள மாநிலமும் ரயில்வே மண்டலமும் இன்றும் ஸ்வெர்த்லோவ்ஸ்க். நீஷ்னி நோவ்கரத் வழியாகச் செல்லும் ரயில்வே மண்டலத்துக்கு இன்றும் கோர்க்கியின் பெயர். பீட்டர்ஸ்பர்கின் வர்ஷாவ்ஸ்கி வக்ஸால் 2001இல் மூடப்பட்டது; அந்தக் கட்டடம் வணிக வளாகமாகிவிட்டது. மாஸ்கோவின் கீயெவ்ஸ்கி வக்ஸாலில், விளாதிமிர் ஷூகவ் அமைத்த பிரம்மாண்டமான கண்ணாடி வளைவுக்கூரையின் கீழ் வண்டிகள் வந்துபோகின்றன, கீவுக்கு வண்டியில்லை. ரீஷ்ஸ்கியிலிருந்து ரீகாவுக்கும் இல்லை. ஆகவே பெயர் திசையைச் சொல்லும். இன்று வண்டி உண்டா என்பதைக் கால அட்டவணைதான் சொல்லும்.

நேரத்திலும் ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. ரஷ்யாவில் 11 நேர மண்டலங்கள். அப்படியிருந்தும் நீண்டகாலம் விளதிவஸ்தோக் வக்ஸாலின் கடிகாரம்கூட மாஸ்கோ நேரத்தையே காட்டியது. 2018 ஆகஸ்ட் 1 முதல் பயணச்சீட்டிலும் வக்ஸாலிலும் உள்ளூர் நேரம். பழைய பயணக் கையேடுகளை நம்பிக் கணக்குப் போட்டால் சைபீரியாவில் வண்டியைத் தவறவிட நேரும்.

பெட்டிக்குள் இருக்கும் சொற்கள்

வக்ஸாலில் நுழைந்ததும் வேறு மொழிகள் வரவேற்கும். பயணச்சீட்டு ‘பிலேத்’, பிரெஞ்சு. நடைமேடை ‘பெர்ரோன்’, அதுவும் பிரெஞ்சு. நான்கு படுக்கை உள்ள அடைப்பு அறை ‘குப்பே’, பிரெஞ்சு. கதவில்லாத திறந்த படுக்கைப் பெட்டி ‘பிளத்ஸ்கார்த்’, ஜெர்மன். ரயிலுக்கு மட்டும் சொந்தச் சொல்: ‘போயெஸ்த்’. செல்லுதல் என்ற வினையடியில் பிறந்தது. ரயிலுக்கு முன் வண்டிகளின் வரிசையையும் மணமக்கள் ஊர்வலத்தையும் குறித்தது. பெட்டியைக் கவனிக்கும் பணியாளரும் சொந்தச் சொல்லே: ‘ப்ரவத்னீக்’, பெண்ணானால் ‘ப்ரவத்னீத்ஸா’. வழிகாட்டி உடன்வருபவர் என்று பொருள்.

ஏறும்போது அவர் பாஸ்போர்ட்டைக் கேட்பார். நெடுந்தொலைவு ரயிலில் சீட்டு ஒருவர் பெயருக்கே உரியது. சீட்டில் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்க வேண்டும். பெட்டிக் கோடியில் ‘தித்தான்’ என்ற கொதிநீர்க் கலன் இருக்கும். தேநீருக்கும் உடனடி உணவுக்கும் அதுவே துணை. உலோகப் பிடியுள்ள கண்ணாடித் தம்ளரில் தேநீர் கேட்டால் ப்ரவத்னீக் தருவார். இந்தியர்கள் 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு விசா பெறலாம். ஆனால் அதற்கென்று குறித்த எல்லைச் சாவடிகள் வழியாக மட்டுமே நுழையமுடியும். வெளிநாட்டு வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது. கையில் ரொக்கம் வேண்டும்.

சொல் இன்று ரயிலையும் தாண்டிவிட்டது. பேருந்து நிலையம் ‘அவ்தவக்ஸால்’, விமானப் பயணியர் கட்டடம் ‘ஏரவக்ஸால்’, கப்பலுக்கு ‘மர்ஸ்கோய் வக்ஸால்’, ஆற்றுப் படகுக்கு ‘ரெச்னோய் வக்ஸால்’. மாஸ்கோவின் வடக்கு ஆற்று வக்ஸால் 1937இல் திறந்தது. கிரெம்ளின் கோபுரத்திலிருந்து இறக்கிய நட்சத்திரம் அதன் முடியில் இருக்கிறது. மெட்ரோ நிலையத்தை மட்டும் யாரும் வக்ஸால் என்பதில்லை, அது ‘ஸ்தான்த்ஸியா’. சிறு நிறுத்தம் ‘பிளத்ஃபோர்மா’. வக்ஸால் என்றால் வழியனுப்பவும் வரவேற்கவும் ஆள் வரும் இடம். உக்ரைனிய, கசாக், உஸ்பெக் மொழிகளும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. அஜர்பைஜானில் மணமகள் பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இசைக்கும் மெட்டுக்கு ‘வக்ஸாலி’ என்று பெயர்.

ஒரு படைத்தலைவரின் வீடு, ஒரு தோட்டம், ஓர் இசைக்கூடம், பிறகு ஒரு பெருநாட்டின் எல்லா ரயில் வாசல்களும் என்று இந்தச் சொல் நடந்த பாதையில், ஒவ்வொரு திருப்பத்திலும் அதை முன்னே நகர்த்தியது மக்கள் போக விரும்பிய இடம். நிலையங்களின் பெயர்களையும் அதே விருப்பம்தான் ஆள்கிறது. மாஸ்கோவில் கீவும் ரீகாவும், பீட்டர்ஸ்பர்கில் வார்சாவும் பலகைகளில் நிற்பது, ஒருகாலத்தில் அந்த ஊர்களுக்கு எளிதாகப் போய்வர முடிந்தது என்பதற்குச் சான்று. போரும் எல்லைகளும் வண்டிகளை நிறுத்தலாம். வண்டி நின்ற பிறகும் பெயரை அழிக்காமல் விட்டுவைப்பது நல்ல வழக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அயலூரின் பெயரைத் தன் வாசலில் எழுதிவைத்த நகரம், அந்த ஊரோடு தனக்கிருந்த உறவை மறுக்க முடியாது. பாதை மறுபடி திறக்கும்போது அதற்குப் புதுப் பெயர் தேடவும் வேண்டியிருக்காது.